ஆப்பிரிக்காவின் ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பாட்டும் நடனமும் எப்படி உதவும்? பணம் தருமுன் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேடையேற்றிப் படிப்புக்கு நிதி திரட்டுவது. உகாண்டா உள்நாட்டுப் போரில் நலிந்த குழந்தைகளுக்காக 1984இல் ரே பார்னெட் தொடங்கிய ஆப்பிரிக்கன் சில்ட்ரன்ஸ் குவயர் என்ற பாடகர் குழு இந்த வகை. கச்சேரிப் பயணம் சீக்கிரம் முடிந்துவிடும்; பள்ளிச் செலவோ பல வருடம் நீளும். அந்தப் பணம் எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. 1990களில் வேறோர் அமைப்பு ஜாம்பியச் சிறுவர்களைப் படிக்கவைப்பதாக அமெரிக்காவின் டெக்சாஸுக்குக் கூட்டிப்போய், ஊதியமின்றி ஒரே நாளில் பல கச்சேரிகள் பாடவைத்தது. பாஸ்போர்ட் யார் கையில், ஒரு நாளைக்கு எத்தனை நிகழ்ச்சி, வீட்டாரோடு பேச விடுகிறார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஊரிலேயே நடக்கும் வாராந்திர வகுப்பு. என் மதிப்பில் இதுவே மேல். ஒரு குழுவுக்கு 20 பேர், இரண்டு பெரியவர்கள், வாரம் இருமுறை ஒன்றரை மணி நேரம் போதும். முதலில் சாப்பாடு (பசித்த பிள்ளை தாளத்தில் நிற்காது), பிறகு உடல் தளர்த்தல், வட்டமாக நின்று கைத்தட்டல், கடைசியில்தான் பாட்டு. முரசும் நடனமும் உள்ளூருடையதாக இருந்தால் பாட்டிமாரே வந்து சொல்லித்தருவார்கள். ஆசிரியர் அடிக்கடி மாறினால் குழு கலைந்துவிடும். ஏற்கெனவே பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அது இன்னொரு இழப்பு.

குழந்தையைத் தன் துயரக் கதையையே மேடையில் சொல்லவைக்கும் அமைப்புக்குக் காசு தராதீர்கள். ‘அநாதை’ என்று காட்டப்படும் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதும் உண்டு.