தாத்தாவின் கடுக்கனும் பேரனின் வளையலும்

ஆண், பெண், காதல் பற்றிய நம் எண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எங்கள் வாசகர் வட்டத்து உறுப்பினர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். சென்னையில் முப்பது ஆண்டுகள் சமூகவியல் நடத்தியவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு இடத்தை மட்டும் குறித்திருக்கிறேன்.

தாம்பரம், இளம் தாய்: என் மகனுக்கு ஐந்து வயது. அக்காவின் வளையலைப் போட்டுக்கொண்டு ஆடுகிறான். "ஆண்பிள்ளைக்கு இது அடுக்குமா?" என்று மாமியார் பிடுங்கி வைத்துவிட்டார். என்ன செய்வது?

வளையலை அவனிடம் திருப்பிக் கொடுங்கள். பிறகு மாமியாரிடம், அவருடைய தாத்தாவின் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. முடிந்த குடுமி, இரண்டு காதிலும் கடுக்கன். ஊர் வழக்கையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து தீர்த்துவைத்த மனிதர். அவரைப் பார்த்து "ஆண்பிள்ளைக்கு அடுக்குமா" என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்ட பையன்களுக்குத்தான் வீட்டில் திட்டு விழுந்தது. இன்று முடி வளர்த்த பையனைப் பள்ளி வாசலிலேயே நிறுத்துகிறார்கள். இடையில் போனது இரண்டு மூன்று தலைமுறைதான். இயற்கை என்று நாம் அடித்துச் சொல்வதில் பெரும்பகுதி வழக்கம், அதுவும் நேற்றைய வழக்கம்.

கோகுலாஷ்டமிக்கு ஆண் குழந்தைக்குக் கொலுசும் காப்பும் பூட்டி அழகு பார்த்தவர்தான் உங்கள் மாமியாரும். அதை அன்போடு நினைவூட்டுங்கள். குழந்தையின் முன்னால் மட்டும் வாக்குவாதம் வேண்டாம். தன்னால்தான் சண்டை என்று நினைத்துக்கொள்வான்.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற பொறியாளர்: வழக்கம் மாறலாம். உடல் மாறாதே? ஆண், பெண் என்ற இரண்டும் உயிரியல் உண்மைகள் இல்லையா?

உடல் உண்மைதான் ஐயா. ஆனால் நாம் மூன்று விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். உடலின் அமைப்பு பால். அந்த உடலுக்குச் சமூகம் தரும் வேடமும் வேலையும், ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதும் பாலினம். யார்மேல் மனம் போகிறது என்பது பாலீர்ப்பு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சொல்லிவிட முடியாது.

உயிரியலும் நாம் நினைக்கும் அளவுக்கு நேர்கோடு அல்ல. ஏறத்தாழ ஆறு வாரம் வரை எல்லாக் கருவுக்கும் இனப்பெருக்க உறுப்புகளின் தொடக்கம் ஒன்றேதான். ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு வேலையைத் தொடங்கினால் விரைகள் உருவாகின்றன. அவை சுரக்கும் ஹார்மோனை உடல் ஏற்காமல் போனால், எக்ஸ்-ஒய் குரோமோசோமுடன் இருக்கும் குழந்தை பெண் உருவத்தோடு பிறக்கும். இன்னும் பல வகைகள் உண்டு. இவர்களை ஊடுபால் மக்கள் என்கிறோம்.

இத்தகைய பச்சைக் குழந்தைகளை நாம் என்ன செய்தோம்? பேச்சு வருவதற்கு முன்பே அறுவை செய்து ஆணாகவோ பெண்ணாகவோ 'சரிசெய்தோம்'. அந்தக் குழந்தைகளில் பலருக்கு நோயே இல்லை. சமூகத்திடம் இருந்தவை இரண்டு கட்டங்கள்தான், அவற்றில் அடக்க உடலையே வெட்டினோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கண்டித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இவ்வகை அறுவை கூடாது என்று தமிழக அரசு ஆணையிட்டது. இந்தியாவிலேயே முதலில் இதைச் செய்தது நம் மாநிலம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வடபழனி, இல்லத்தரசி: சமையல் பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவது என்கிறார் என் கணவர்.

அடுத்த முகூர்த்தத்தில் அவரை மண்டபத்தின் பின்கட்டுக்கு அழைத்துப் போங்கள். ஆயிரம் பேருக்குச் சாம்பார் கிளறுகிறவர்கள் யார்? கூலியும் பெயரும் கிடைக்கிற இடத்தில் கரண்டி ஆண் கைக்குப் போய்விடுகிறது. கூலி இல்லாத அடுப்படியில் மட்டும் அது பெண்ணின் பிறவிக் குணமாகிவிடுகிறது.

சேப்பாக்கம், கல்லூரி மாணவி: தன்பாலீர்ப்பு மேற்கிலிருந்து வந்தது என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கப்பலில் வந்தது தண்டனைதான் அம்மா. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். ஆயுள் சிறை வரை அதில் இடம் இருந்தது. பாலினத்திலும் இதே கதைதான். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பெண் உடையில் வாழ்ந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க வழிசெய்தது. தன்பாலின உறவுக்கான தண்டனையை இங்கிலாந்து தன் நாட்டில் 1967இலேயே தளர்த்திவிட்டது. நாம் 2018 செப்டம்பர் 6 வரை, அது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, கட்டிக் காத்தோம்.

தொல்காப்பியத்தில் 'ஆண்மை திரிந்த பெயர்' கொண்டவர்களுக்கு, அதாவது ஆண்தன்மை நீங்கிப் பெண்தன்மை மிகுந்தவர்களுக்கு, உயர்திணையில் இடம் உண்டு. மனிதர்களாக எண்ணி இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். ஆனால் பழைய தமிழகம் பொற்காலம் என்று வாதாட வேண்டாம். அவைக்கு அஞ்சுபவனின் கல்வியைப் 'பேடிகை ஒள்வாள்', அதாவது பேடியின் கையிலுள்ள ஒளிவாள், என்று குறள் இகழ்கிறது. இடமும் இருந்தது, இழிவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உன் வாதம் நிற்கும்.

வியாசர்பாடி, இளைஞர்: அப்பா இறந்தபோது நான் அழவில்லை. ஓராண்டாகிறது. இப்போது இரவில் தூக்கம் வருவதில்லை.

தம்பி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சாவு வீட்டில் நாம் எப்படிப் பங்கு பிரித்திருக்கிறோம் பாருங்கள். பெண்கள் கட்டிப்பிடித்து மார்பில் அடித்து ஒப்பாரி வைக்கலாம். ஆனால் சுடுகாட்டுக்கு வரக் கூடாது. ஆண்கள் சுடுகாடு வரை போகலாம், கொள்ளி வைக்கலாம். ஆனால் வாய்விட்டு அழக் கூடாது. மகளிடமிருந்து கடைசிப் பார்வையையும் மகனிடமிருந்து கண்ணீரையும் ஒரே வழக்கம் பறித்துக்கொள்கிறது. அம்மாவிடம் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். அழுகை வந்தால் வரட்டும். தூக்கமின்மை தொடர்ந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் போங்கள்.

வில்லிவாக்கம், தந்தை: என் மகள் ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொல்கிறாள். உறவினர் ஒருவர், மருத்துவரிடம் காட்டினால் மாற்றிவிடலாம் என்கிறார். நேரமும் வாங்கிவிட்டோம். இன்னொரு பக்கம் வரனும் பார்க்கிறோம்.

அந்த நேரத்தை ரத்து செய்யுங்கள் ஐயா. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்ற முயலும் 'சிகிச்சை'க்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது. அப்படிச் செய்யும் மருத்துவரின் நடத்தை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஆக, உங்கள் உறவினர் சொல்வது வைத்தியமே அல்ல.

அந்த 2021 வழக்கு, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம் பெண்களுடையது. பெற்றோர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது முழுமையாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் சென்று கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியே கற்றுக்கொண்டார் என்றால், நாம் கற்றுக்கொள்வதில் என்ன குறைவு?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நாலு பேர் பேசுவார்கள். சில மாதம் பேசிவிட்டு வேறு வீட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள். மகளுக்கு வரன் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது அந்த மாப்பிள்ளைக்கும் செய்யும் துரோகம். தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் ஆண்டுதோறும் சென்னையில் நடத்தும் வானவில் பேரணியில் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்து வரும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரிடமாவது நீங்களும் உங்கள் மனைவியும் பேசுங்கள். ஆனால் முதலில் மகளிடம், மருத்துவரிடம் போகவில்லை என்ற ஒரு வார்த்தையை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவள் அதற்காகத்தான் காத்திருப்பாள்.