25 மீட்டருக்கு 24 மடங்கு ஸ்கோப் எதற்கு?

கேள்வி: என்னிடம் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இருக்கிறது. 25 மீட்டரில் அட்டை இலக்கு சுட்டுப் பழகுகிறேன். கடைக்காரர் 6-24×50 ஸ்கோப் எடுக்கச் சொல்கிறார். "நாளைக்கு வேட்டைத் துப்பாக்கி வாங்கினாலும் இதையே மாட்டிக்கலாம்" என்கிறார். நண்பரோ 3-9×40 போதும் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: நண்பர் பக்கம்தான் நானும். (6-24×50 என்றால் 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், முன்லென்ஸின் விட்டம் 50 மி.மீ. என்று பொருள்; 3-9×40 என்பதும் அப்படித்தான்.) ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய எண்ணை இருவருமே சொல்லவில்லை. அந்த ஸ்கோப் எத்தனை மீட்டருக்குப் பாரலாக்ஸ் சரிசெய்யப்பட்டது?

ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வையுங்கள். கை படாமல், ஸ்கோப் வழியே பார்த்தபடி தலையை மட்டும் மேலும் கீழும் லேசாக நகர்த்துங்கள். குறுக்குக் கோடு இலக்கின் மேல் நீந்துகிறதா? அதுதான் பாரலாக்ஸ். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து பூட்டியிருப்பார்கள். 100 மீட்டருக்குச் சரிசெய்த 40 மி.மீ. முன்லென்ஸ் ஸ்கோப்பில் 25 மீட்டர் இலக்கைப் பார்க்கும்போது, கண் ஒரு ஓரத்துக்குப் போனால் குறி 15 மி.மீ. வரை தவறலாம். துப்பாக்கியும் நன்றாக இருக்கும், பெல்லட்டும் நன்றாக இருக்கும், அட்டையில் மட்டும் துளைகள் சிதறிக் கிடக்கும். ஆகவே முன்லென்ஸைச் சுற்றியோ பக்கவாட்டிலோ தூரத்தைத் திருகி அமைக்கும் வளையம் உள்ள ஸ்கோப்பாகப் பாருங்கள். அது 10 மீட்டர் வரை இறங்கினால் ஏர் ரைஃபிளுக்கு நிம்மதி.

இனி மடங்குக் கணக்கு. 9 மடங்கில் பார்த்தால் 25 மீட்டர் தூரத்து அட்டை மூன்று மீட்டருக்கும் கிட்டே வந்துவிடும். பெல்லட் துளையைப் பார்க்க அது தாராளம். 24 மடங்கில் துளையோடு சேர்த்து உங்கள் நாடித்துடிப்பும் தெரியும். குறி ஆடுவதைக் கண்டு பதறி ட்ரிகரைப் பட்டென்று இழுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சமும் குறையும். முன்லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ. சொச்சம்; 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. அந்தி வேளையில் நம் கண்மணி 5 முதல் 7 மி.மீ. வரை விரியும். 2 மி.மீ. வட்டம் அதற்கு எந்த மூலைக்கு? கன்னம் இம்மி நகர்ந்தாலும் படம் கறுத்துப்போகும் என்பது வேறு.

கடைக்காரர் சொல்லும் "நாளைய வேட்டை" வாதம் அடிபடுவதும் இங்கேதான். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு விடியலும் அந்தியும்தான் வேலை நேரம். அவர்களுக்கு 3, 4 மடங்கில் அகலமாகத் தெரிய வேண்டும். 3 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் பத்து மீட்டர் அகலம் கண்ணில் படும். 9-க்குப் போனால் நாலு மீட்டர்தான். விலங்கு ஓர் அடி நகர்ந்தால் அதிக மடங்கில் தேடிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். பெரிய துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் என்பதால், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9, 10 செ.மீ. இடைவெளி கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் புருவம் கிழியும்.

உங்கள் ரைஃபிளுக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே வெட்டி இழுக்கும். சாதாரண ஸ்கோப்பின் உள்பாகங்கள் பின்னுதையைத் தாங்கத்தான் கட்டப்பட்டவை. பெரிய துப்பாக்கியில் வருடக்கணக்கில் உழைத்த என் ஸ்கோப் ஒன்றை ஆசையாக ஸ்பிரிங் ரைஃபிளில் மாட்டினேன். சில நூறு பெல்லட்டுக்குள் குறுக்குக் கோடு சாய்ந்துவிட்டது. 'ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் ஸ்கோப்பை மட்டும் எடுங்கள்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏர் ரைஃபிள்களின் மேல் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில் தண்டுதான் (இருபுறமும் சாய்வாகக் குடைந்த பிடிமானம்) இருக்கும். குறுக்கே வெட்டுகள் உள்ள அகலமான பிக்காட்டினி தண்டுக்கான ரிங் அதில் உட்காராது. தனித்தனி ரிங்குகளைவிட, அடியில் நிறுத்து ஊசி உள்ள ஒரே துண்டு மவுண்ட் நல்லது. உதையில் ஸ்கோப் பின்னால் நகர்வதை அந்த ஊசிதான் தடுக்கும்.

குறியைத் திருத்த ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகுதான் டரட். அதில் ¼ எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்றிருந்தால் ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ. நகரும். துளைகள் 2 செ.மீ. வலப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம் 11 கிளிக். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே வலம் 20, மேல் 20, இடம் 20, கீழ் 20 கிளிக் திருகுங்கள். கடைசித் துளை முதல் துளையின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வேளை 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் எதுவுமே வாங்காதீர்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி அதில் ஸ்கோப்புக்கு இடமில்லை, சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்தான்.

ஸ்கோப்பை மாட்டியதும் மவுண்டின் பின்விளிம்பை ஒட்டித் தண்டில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வையுங்கள். குறி திடீரென்று மாறினால் டரட்டில் கை வைப்பதற்கு முன் அந்தக் கோட்டைப் பாருங்கள்.