தென்னையிலும் கடலையிலும் குரங்கு: விரட்டுவதைவிட வழியை அடையுங்கள்

கேள்வி: உச்சிப்புளி பக்கம் 60 தென்னை, ஓரத்தில் 75 நாள் கடலை. குரங்குகள் குரும்பையைப் பறித்துப் போடுகின்றன, கடலைச் செடியைப் பிடுங்குகின்றன. வெடி போட்டால் ஓடி, சற்று நேரத்தில் திரும்பிவிடுகின்றன. காட்டில் இவை என்னதான் தின்னும்? எப்படித் தடுப்பது?

பதில்: உங்களிடம் வருவது நாட்டுக் குரங்கு. ஆலம்பழம், அத்திப்பழம், தளிர், பூ, விதை, வெட்டுக்கிளி, கறையான் எனப் பகல் முழுக்க அலைந்து தின்னும் பிராணி. அந்த அலைச்சலைக் கடலைக் கொல்லை மிச்சப்படுத்துகிறது. காய் முற்றும் இந்தப் பருவத்தில்தான் வரத்து கூடும்.

வெடிக்குப் பயந்தாலும் வெறும் வாயோடு ஓடாது. கன்னப் பைகள் இரண்டிலும் கடலையை அடைத்துக்கொண்டு மரமேறி, புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளி மெல்லும். நாலு நாளில் சத்தமும் பழகிவிடும்.

தென்னைக்கு, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 1 மீட்டர் அகல வழவழப்பான தகரத்தைச் சுற்றுங்கள். ஆணி அடிக்காதீர்கள், அந்தக் காயம் சிவப்புக் கூன்வண்டை இழுக்கும். மரமேறுபவர் அவிழ்க்கும்படி கம்பியால் கட்டினால் போதும். பலர் தோற்பது இங்கேதான்: 25 அடி இடைவெளியில் மட்டைகள் ஒன்றையொன்று தொடும். ஒரு மரத்தை விட்டாலும் அதில் ஏறி மற்றதற்குத் தாவும். ஓரத்துப் புளி, பனை, உடை மரம் எதுவும் தோப்பைத் தொடக் கூடாது; கிளையைக் கழியுங்கள்.

கடலைக்குக் காவல்தான். பொழுது விடிந்ததிலிருந்து 10 மணி வரையும், பிற்பகல் 3 முதல் இருட்டும் வரையும் ஆள் வேண்டும்; உச்சி வெயிலில் நிழலில் பேன் பார்த்துக் கிடக்கும். கூட்டம் இறங்கும் மரத்தடியிலேயே ஆள் நிற்கட்டும். வேலியோரச் சீமைக்கருவையை 15 மீட்டருக்கு வெட்டி வெளியாக்குங்கள். மறைவில்லாத தரையில் இறங்கக் குட்டிச் சுமந்த மந்தி (பெண் குரங்கு) தயங்கும்.

பெரிய கடுவனை (ஆண் குரங்கை) பிடித்து அப்புறப்படுத்தினால் தீரும் என்பது தவறு. மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், வேறு கடுவன் வந்து சேரும். விஷம், கண்ணி, மின்கம்பி மூன்றும் வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தொந்தரவு மிஞ்சினால் வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள்.

காவலுக்கு நிற்பவரைக் கடித்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொல்லுங்கள்.