437 பகா எண்ணா? எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?

437 பகா எண்ணா (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணா) என்று அறிய, 436 வரை வகுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையே இல்லை, 20 வரை போதும். 437-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத முடிந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் 20-ஐத் தாண்ட முடியாது. ஏனென்றால் 21 × 21 = 441, அதுவே 437-ஐ மிஞ்சிவிடுகிறது. ஆகவே ஒன்றாவது 20-க்குள் அகப்பட்டே தீரும்.

அதிலும் பகா எண்களால் வகுத்தால் போதும். 2-ஆல் மீதியின்றி வகுபடாத எண் 4, 6, 8-ஆலும் வகுபடாது.

437 ஒற்றைப்படை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 14, அதனால் 3 இல்லை. கடைசி இலக்கம் 7, அதனால் 5-உம் இல்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 8, 13-ஆல் 8, 17-ஆல் 12. பலர் இந்த இடத்தில் சலித்துப்போய் “பகா எண்” என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் 19 பாக்கி: 19 × 23 = 437. எனவே இது பகு எண். காரணிகள் 1, 19, 23, 437.

அடுத்த ஒற்றை எண்ணான 439-க்கும் இதே எல்லைதான். அங்கே 19-ஆல் வகுத்தாலும் மீதி 2 வருகிறது. அது பகா எண்.

வர்க்க எண்களில் கவனம் தேவை. 169-க்கு 13-ஐயும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். 11-உடன் நிறுத்தினால் 13 × 13 தப்பிவிடும்.