ஐப்பசி மழையும் வீட்டுப் பழமரங்களும்

கேள்வி: எங்கள் எலுமிச்சைக்கு எட்டு வயது. அடிமரத்தில் பழுப்பாகப் பிசின் வடிகிறது. ஒரு பக்கத்துக் கிளைகளில் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. உரம் போதவில்லையா?
– வாசகி, கும்பகோணம்

உரக்குறை இல்லை. பைட்டோப்தோரா என்னும் பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிர் பட்டையை அழுக வைக்கிறது. ஈரமண் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் இது வரும். அடைமழை பிடிக்கும் முன் வைத்தியத்தை முடித்துவிடுங்கள்.

அடிமரத்தில் ஏறிக் கிடக்கும் மண்ணை, மேல்வேர் தொடங்கும் இடம் கண்ணில் படும்வரை விலக்குங்கள். காய்ந்த பிசினையும் அழுகிய பட்டையையும் கூரான கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டுங்கள். சுரண்டியதை மரத்தடியில் போடாமல் எரித்துவிடுங்கள்.

அடுத்து, அழுகலைத் தடுக்க அடிமரத்தில் பூசும் போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். துத்தம் இரும்பை அரிக்கும், பிளாஸ்டிக் வாளியே நல்லது. துத்தநீரைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே பூசினால் பட்டை வெந்துவிடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, தரையிலிருந்து இரண்டரை அடி உயரம்வரை பட்டை வெடிப்புகளிலும் இறங்கும்படி பூசுங்கள். அன்று கரைத்தது அன்றைக்கே தீர வேண்டும். மழைக்காலம் முடிந்து தையில் இன்னொரு முறை பூசுங்கள். பாத்தி வரப்பைத் தாழ்வான பக்கம் வெட்டிவிட்டால் மழைநீர் நிற்காது. சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை அழுகியிருந்தால் மரம் தேறுவது கடினம்.

கேள்வி: பத்து வயது மாமரம். போன வருடம் கார்த்திகை, மார்கழியில் செழிப்பாகத் துளிர்த்தது, பூக்கவே இல்லை. இந்த வருடம் அதிகமாகத் தண்ணீர் விடலாமா?
– வாசகர், சேலம்

வேண்டவே வேண்டாம். முற்றிய கிளைநுனியில்தான் மா பூக்கும். கார்த்திகைக்கு மேல் தண்ணீர் கிடைத்தால் மரம் புதுத்துளிர் விடும், அந்தத் துளிர் முற்றுவதற்குள் பூக்கும் பருவம் போய்விடும். மழை விட்டதும் பாசனத்தை நிறுத்துங்கள், காய் பட்டாணி அளவு வந்தபின் தொடங்கலாம். குளியலறைத் தண்ணீர் மரத்தடிக்குப் போகிறதா என்று பாருங்கள். வீட்டு மாமரம் பூக்காததற்குப் பல இடங்களில் அதுவே காரணம். போகிறதென்றால் வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

உரத்தைப் புரட்டாசிக்குள் கொடுத்துவிட வேண்டும்: தொழுவுரம் 50 கிலோ, யூரியா 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6.25 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ. அடிமரத்தில் கொட்டாமல், இரண்டடி தள்ளித் தொடங்கிக் கிளைநுனிக்கு நேர்கீழ்வரை மண்ணோடு கிளறிவிடுங்கள். கவாத்தை ஆவணியோடு முடித்துவிடுங்கள். ஐப்பசியில் வெட்டினாலும் இதே துளிர்த் தொல்லைதான்.

கேள்வி: மழைநீர் இரண்டு நாள் நின்றதில் பப்பாளி வாடிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?
– வாசகி, கடலூர்

வேர் அழுகியிருக்கும், பிடுங்கிவிடுங்கள். அடுத்த கன்றை ஓரடி உயர மண்மேட்டில் நடுங்கள்.