தினம் ஒரு பதிவு எதற்கு? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழில் பிளாக் வைத்து தினமும் ஒரு பதிவு போடுகிறேன். இந்த வருடம் இன்டர்னல் மார்க் குறைந்துவிட்டது, ஒரு பேப்பர் அரியரும் விழுந்துவிட்டது. பிளாக்கை மூடச் சொல்கிறார் அம்மா. மூடாமல் சமாளிக்க வழி உண்டா? – மாணவி, தக்கலை

பதில்: மூட வேண்டாம். தினமும் போடுவதை நிறுத்துங்கள், போதும்.

ஒரு பதிவுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒருமுறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். ஆயிரம் சொல் வரும் ஒரு கட்டுரைக்குத் தகவல் தேட ஒன்றரை மணி நேரம், எழுத இரண்டு மணி நேரம், படம் தயார் செய்ய அரை மணி, பிழை திருத்த அரை மணி, ஏற்றித் தலைப்பும் லேபிளும் கொடுக்க அரை மணி. மொத்தம் ஐந்து மணி நேரம். தினமும் என்றால் வாரத்துக்கு 35 மணி. வகுப்பில் உட்காருவதே வாரம் 25 முதல் 30 மணி நேரம்தான். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இன்டர்னல் குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வாரம் ஒரு பதிவு என்று மாற்றினால் அதே ஐந்து மணி நேரத்தை சனி, ஞாயிறில் அடக்கிவிடலாம். தக்கலையிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு வரும் பஸ் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பஸ்ஸில் குரல் தட்டச்சை நம்பாதீர்கள். இன்ஜின் சத்தமும் பாட்டும் சேர்ந்து ஒரு வாக்கியத்தில் நான்கு சொல்லைக் கெடுத்துவிடும். அதைத் திருத்தும் நேரத்தில் புதிதாகவே எழுதிவிடலாம். பஸ்ஸில் செய்யத் தக்கது, அடுத்த பதிவுக்கான நான்கைந்து குறிப்புகளைப் போனில் எழுதி வைப்பது மட்டும். இரவு பத்துக்கு மேல் எழுத உட்காராதீர்கள். அதன் விலை மறுநாள் முதல் மணி நேர வருகைப்பதிவு.

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள் என்றால் 75 சதவீத வருகைக்கு 68 நாட்கள் வேண்டும். மிச்சம் இருப்பது 22 நாட்கள். காய்ச்சல், வீட்டுக் கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாம் இதற்குள்தான் வர வேண்டும். பிளாக்குக்காக ஒரு நாள்கூட இதில் கை வைக்காதீர்கள்.

இனி முக்கியமான வேலை. வாரத் திட்டத்தைவிட செமஸ்டர் திட்டம் பெரிது. நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். செமஸ்டர் தொடங்கும் முதல் ஆறு வாரங்களில் பாடச்சுமை குறைவாக இருக்கும். அப்போது வாரம் இரண்டு பதிவு எழுதி, ஒன்றை வெளியிட்டு ஒன்றைச் சேமித்து வையுங்கள். ஆறு பதிவு கையிருப்பு சேரும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிவரை ஆறு வாரங்களுக்கு அது தானாகவே வெளியாகும். நீங்கள் எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஓண விடுமுறை எழுதிக் குவிக்க நல்ல சமயம். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழா விடுமுறை அப்படியல்ல. அது முடிந்ததுமே மாடல் தேர்வு நெருங்கிவிடும், அதைப் படிப்புக்கே விட்டுவிடுங்கள்.

பிளாகரில் (கூகுளின் பிளாக் தளம்) நேரம் குறித்து வெளியிட, எழுதும் பக்கத்தின் வலப்புறம் வெளியீட்டுத் தேதியைத் திறந்து, நாளும் நேரமும் கொடுத்து, பிறகு 'வெளியிடு' அழுத்த வேண்டும். இங்கே பலருக்கும் ஒரு தவறு நடக்கும். புதிய பிளாக்கில் நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருப்பதுண்டு. காலை ஆறு என்று குறித்தால் பதிவு நம் ஊரில் மாலை ஆறரைக்கோ ஏழரைக்கோதான் வெளியாகும். அமைப்புகளில் 'நேர மண்டலம்' போய் கொல்கத்தா, +5:30 என்று மாற்றிவிட்டு, ஒரு சோதனைப் பதிவைப் பத்து நிமிடம் கழித்து வெளிவருமாறு வைத்துப் பாருங்கள். தேர்வு மாதத்தில் கருத்துகளையும் 'எப்போதும் மட்டுறுத்தல்' (நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே வெளியாகும்) என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ போட்ட விளம்பரக் குப்பையை அள்ள நடு இரவில் எழுந்திருக்க வேண்டும்.

அரியர் பேப்பர்? அதுதான் முதல் வேலை. அது முடியும்வரை மாதம் இரண்டு பதிவு போதும்.

கேள்வி: எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். எதை எழுதினால் படிப்புக்கும் உதவும், ஆளும் வந்து படிப்பார்கள்? – மாணவர், கருங்கல்

பதில்: சினிமாச் செய்தியும் வேலைவாய்ப்புச் செய்தியும் வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவதைத் தனி ஆள் துரத்தினால் படிப்புதான் போகும்.

தலைப்பை இரண்டு கூடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, சீக்கிரம் பழசாவது: படகுக் கட்டணம், தோவாளைச் சந்தைப் பூ விலை, அருவியில் குளிக்க அனுமதி உண்டா என்பன. இதை எழுதினால் விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தோவாளையில் காலையில் ஒரு விலை, ஓணத்துக்கு முந்தைய நாள் வேறு விலை. இன்னொன்று, வருடக்கணக்கில் நிற்பது: மட்டி வாழையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கமும் 2023-இல் அது புவிசார் குறியீடு பெற்றதும், 1966-இல் முடிந்த மாத்தூர் தொட்டிப்பாலம் தண்ணீரை எப்படிக் கடத்துகிறது என்பது, பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் ஏன் இருக்கிறது என்பது. கையிருப்புப் பதிவுகளுக்கு இரண்டாம் கூடைதான் சரி.

நீங்கள் தமிழ் மாணவர் என்பதால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு வட்டார வழக்குச் சொற்களை, சொல்லும் பொருளும் வழங்கும் ஊரும் சேர்த்துத் திரட்டுங்கள். வாரம் பத்துச் சொல் என்றால் ஆறு மாதத்தில் 250 தாண்டும், ஆய்வேட்டுக்கும் அடித்தளமாகும். ஆய்வேட்டில் சேர்க்கப் போகும் பகுதியை முன்கூட்டியே பிளாக்கில் அப்படியே போடுவதற்குமுன் நெறியாளரிடம் கேட்டுவிடுங்கள். எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளுக்கு உங்கள் எழுத்தே 'நகல்' என்று தெரியும்.

படத்தை நீங்களே எடுங்கள். தேடலில் கிடைக்கும் படம் எல்லாம் இலவசம் அல்ல. போனில் எடுத்த படம் நான்கைந்து எம்பி இருக்கும். அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். பேச்சிப்பாறைப் பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் படிப்பவருக்கும் பக்கம் திறக்க வேண்டும் அல்லவா?

கேள்வி: பி.காம். மூன்றாம் ஆண்டு. ஆட்சென்ஸ் (பிளாக்கில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் சேவை) விண்ணப்பத்தை இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். கிடைத்தால் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் தினமும் விளம்பரத்தைக் கிளிக் செய்து உதவுவதாகச் சொல்கிறார்கள். – மாணவர், குளச்சல்

பதில்: முதலில் நண்பர்களைத் தடுங்கள். ஒரே விடுதி வைஃபையிலிருந்து, ஒரே சில போன்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கிளிக்கை கூகுள் கண்டுபிடித்துவிடும். சேர்ந்த பணத்தைக் கழிப்பார்கள், கணக்கையே மூடவும் செய்வார்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான். அது மூடப்பட்டால் பிறகு திறப்பது மிகக் கடினம்.

நிராகரிப்புக்கு மொழி காரணமில்லை, 2018 முதலே ஆட்சென்ஸில் தமிழ் உண்டு. உங்களுக்கு 18 வயதும் நிறைந்திருக்கும். பார்க்க வேண்டியவை வேறு. பிற தளங்களிலிருந்து ஒட்டிய பத்திகள், நூறு சொல்லில் முடியும் பதிவுகள், 'விரைவில்' என்று காலியாகக் கிடக்கும் மெனு, தனியுரிமைக் கொள்கைப் பக்கம் இல்லாமை. ஒட்டியவற்றை நீக்கி, சொந்தமாக எழுதிய இருபது பதிவாவது சேர்ந்தபின் மறுபடி விண்ணப்பியுங்கள். இருபது என்பது எங்கள் அளவுகோல், கூகுளின் விதி அல்ல.

அனுமதி கிடைத்த பிறகுதான் நம் ஊர்ச் சிக்கல்கள் தொடங்கும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். அது சாதாரணத் தபாலில், வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். விடுதி முகவரி கொடுத்தால் விடுமுறையில் கடிதம் வந்து எங்கோ போய்விடும். வீட்டு முகவரியைக் கொடுங்கள். கதவு எண், வீட்டுப் பெயர், தெரு, அஞ்சலகம், 629-இல் தொடங்கும் பின்கோடு எல்லாம் வரிசையாக இருக்கட்டும். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடுத்தது இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து இருக்கும், ஆட்சென்ஸில் நீங்கள் மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருப்பீர்கள். பணம் திரும்பிப் போவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். பான், வங்கிக் கணக்கு, ஆட்சென்ஸ் மூன்றிலும் ஒரே எழுத்துக்கோவை இருக்கட்டும். டாலரில் வரும் பணத்துக்கு வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு தேவை. சிறிய கிளைகளுக்குத் தனியாக இருக்காது. எந்தக் கிளையின் குறியீட்டைப் பயன்படுத்துவது என்று மேனேஜரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஃபீஸ் விஷயம்: நம்பாதீர்கள். மொத்தம் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதுவும் அடுத்த மாதம் 21-ஆம் தேதிக்கு மேல்தான் கிளம்பும். வாரம் ஒரு பதிவு போடும் புதிய தமிழ் பிளாக்கில் அந்த நூறு சேர ஒரு வருடம் ஆனாலும் வியப்பில்லை. ஃபீஸுக்கு உதவித்தொகையையும் கல்விக் கடனையும் பாருங்கள்.

கேள்வி: இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. மார்த்தாண்டத்தில் ஒரு தேன் வியாபாரி கடைக்கு வெப்சைட் செய்து தரச் சொல்கிறார். எவ்வளவு கேட்பது? தேர்வு நேரத்தில் நச்சரிப்பாரோ? – மாணவர், குழித்துறை

பதில்: நச்சரிப்பார். அவர்மேல் தவறில்லை. எழுதிக்கொள்ளாத வேலைக்கு எல்லை கிடையாது.

ஒரே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை பக்கம் (முகப்பு, பொருட்கள், தொடர்பு என மூன்று போதும்), படமும் விலைப்பட்டியலும் யார் தருவது, எந்தத் தேதிக்குள், இலவசத் திருத்தம் எத்தனை முறை (இரண்டு), அதற்குமேல் மணிக்கு எவ்வளவு. பாதிப் பணம் முன்பணம். வேலை தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் இருக்கமாட்டீர்கள், கடைக்காரர் தராத படங்கள்தான். எனவே 'படங்கள் வந்த நாளிலிருந்து 15 நாள்' என்று எழுதுங்கள். ஒப்படைக்கும் நாள் முதல் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பாவது இருக்கட்டும். அது முடியாவிட்டால் தேர்வு முடிந்தபின் தொடங்குவதாகச் சொல்லிவிடுங்கள். தேன் ஒன்றும் கெட்டுப்போகாது.

விலைக்கு: உங்களுக்கு ஆகும் மணி நேரத்தை எண்ணி, அதை ஒன்றரை மடங்காக்கி, ஒரு மணிக்கு நீங்கள் நினைக்கும் கூலியால் பெருக்குங்கள். முதல் வேலைக்கு 20 மணி என்று நினைத்தால் 30 ஆகும்.

டொமைனை (வெப்சைட் முகவரியை) அவர் பெயரிலும், அவர் மின்னஞ்சலிலும், அவர் கார்டிலும் வாங்குங்கள். உங்கள் பெயரில் வாங்கிவிட்டு இரண்டு வருடம் கழித்து நீங்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போனால், புதுப்பிக்கும் ஓடிபி உங்கள் போனுக்கு வரும், திட்டும் உங்களுக்கே வரும். முதல் வருட விலை சலுகை விலை என்பதையும் புதுப்பிக்கும் விலை கூடுதல் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக் காட்டுங்கள். செய்த வேலையின் மாதிரியை கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைத்தால் கேம்பஸ் நேர்காணலில் காட்டலாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் என்கிறார்கள். சேரலாமா? – மாணவி, நாகர்கோவில்

பதில்: கூடாது. வேலை கொடுப்பவர் பணம் தருவார், கேட்கமாட்டார். இதில் இரண்டாம் கட்டமும் உண்டு: பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பிப் பயமுறுத்தி மேலும் பறிப்பார்கள். அதற்குப் பயந்து ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். உரையாடலைப் படமெடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 'உங்கள் வங்கிக் கணக்கை மட்டும் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்' என்று யாராவது கேட்டால் அது இன்னும் ஆபத்து. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கேள்வி: லேப்டாப் இல்லை. போனில் எழுதி பிளாக் நடத்த முடியுமா? பழைய கட்டுரைகள் டிடிபி கடையில் அடித்தவை. அவற்றை ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் குழம்பி வருகிறது. – மாணவர், ஆரல்வாய்மொழி

பதில்: முடியும். ஜிபோர்டில் (கூகுளின் விசைப்பலகைச் செயலி) தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் பழகினால் வேகம் வரும். டிடிபி கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருப்பதால்தான் அந்தக் குழப்பம். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யுனிகோடாக்குங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று 'கொ', 'கோ', 'கௌ' வரும் சொற்களை மட்டும் தனியாகப் பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பதிவை நேரடியாக பிளாகரில் அடிக்காமல் போனின் குறிப்புச் செயலியில் எழுதி முடித்து ஒட்டுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போய், டவரும் போகும் நேரத்தில் பாதிப் பதிவு காணாமல் போகாது.