கேள்வி-பதில்: கம்ப்யூட்டர் மெதுவானால் ஃபார்மட்தான் வழியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் கம்ப்யூட்டர் தகராறுதான் அதிகம். மழை தொடங்கியதும் ஒரு காரணம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கடைப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கே: வீடு கடலுக்கு நாலு தெரு தள்ளி. மழைக்காலம் வந்தால் டெஸ்க்டாப் ஆன் ஆகாது. ஃபேன் சுற்றும், பீப் பீப் என்று சத்தம் வரும், திரையில் ஒன்றும் வராது. மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா? (குளச்சல்)

ப: அவசரப்படாதீர்கள். ஃபேன் சுற்றி பீப் மட்டும் வந்தால், மதர்போர்டு என்ற தாய்ப் பலகையில் செருகியிருக்கும் நினைவகப் பட்டையான ரேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. ரேம் பட்டையின் அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் ஏறிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை இரு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். ரப்பரில் கறுப்பாக அழுக்கு ஏறுவது கண்ணுக்கே தெரியும். தூளை ஊதித் துடைத்து, இரு முனையிலும் 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். மணவாளக்குறிச்சியில் என் தங்கை வீட்டு சிஸ்டம் இரண்டு ஆடி மாதங்களில் இப்படித்தான் பிழைத்தது. இத்தனைக்கும் மசியாவிட்டால் மட்டும் மதர்போர்டு பற்றிப் பேசலாம். மழைக்காலத்தில் தினமும் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது.

கே: பூக்கடைக் கணக்குக்காக 18,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் வாங்கினேன். 'ஐ7, பறக்கும்' என்றார்கள். ஒரு பில் போடவே ஒரு நிமிடம் ஆகிறது. படம் இணைத்திருக்கிறேன். (தோவாளை)

ப: படத்தில் ஐ7-4600யு என்று தெளிவாகவே இருக்கிறது, அண்ணாச்சி. வாங்கும்போது அதை ஒரு முறை படித்திருக்கலாம். 4 என்று தொடங்குவதால் அது நாலாம் தலைமுறை, 2013-ல் வந்த சிப். கம்ப்யூட்டரின் மூளையே இந்தச் சிப்தான். உள்ளே வேலை செய்யும் பிரிவுகள், அதாவது கோர், இரண்டே. 2022-ல் வந்த ஐ3-1215யு என்ற சாதாரண சிப்பில் ஆறு கோர் உண்டு, உங்கள் ஐ7 அதன் பக்கத்தில் நிற்க முடியாது. போதாக்குறைக்கு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையை ஏற்பதில்லை. விடிகாலையில் ஒவ்வொரு கூடையாகக் கையை விட்டுப் பார்த்துப் பூ எடுக்கிறவர், 18,000 ரூபாய் பொருளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தம்தான்.

நானும் 2019-ல் 22,000 ரூபாய்க்கு இப்படி ஒன்று வாங்கினேன். கடையில் சார்ஜரை மாட்டியே காட்டினார்கள். வீட்டில் பேட்டரி நாற்பது நிமிடம் நிற்கவில்லை. விண்டோஸே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தரும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த அளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' இப்போது மிஞ்சியது. என்னுடையதில் பாதிகூட இல்லை. பழைய லேப்டாப் எடுக்கிறவர்கள் இந்த ரிப்போர்ட்டைக் கடையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுடையதில் சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க் இருந்தால், அதற்குப் பதில் சுழலாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போடுங்கள், கணக்கு வேலைக்கு ஓடும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

கே: ஆன்லைனில் 2 டி.பி. பென்டிரைவ் 499 ரூபாய்க்கு வாங்கினேன். ஏற்றிய கல்யாணப் படங்களில் பாதி திறக்கவில்லை. (கன்னியாகுமரி)

ப: போலி. இன்றே திருப்பி அனுப்புங்கள். அந்த விலைக்கு 2 டி.பி. யாரும் தர முடியாது.

கே: எட்டு மாதத்தில் நாலு முறை ஃபார்மட் அடித்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் 500 ரூபாய். இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு ஹேங். வைரஸ் என்கிறார். உண்மையா? (ஓர் ஆசிரியை, தக்கலை)

ப: டீச்சர், டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுகிற இந்த 'ஃபார்மட்' மீது எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

காய்ச்சல் என்று போனால் என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் ஊசி போடுகிற மாதிரிதான் இது. உங்கள் அறிகுறியைப் பார்த்தால் ஹார்டு டிஸ்க் தேய்ந்துகொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டுப்போனால், அங்கே இருப்பதைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும். அதுவரை மொத்த சிஸ்டமும் காத்து நிற்கும். விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100% என்று நிற்கும். ஃபார்மட் அடித்ததும் ஃபைல்கள் வேறு இடத்தில் புதிதாக உட்காரும், குப்பையும் குறைந்திருக்கும், அதனால் வேகம் வந்த மாதிரித் தெரியும். நாளாக ஆக ஃபைல்கள் மறுபடி அந்தக் கெட்ட இடத்தைத் தொடும். கடைகளில் அடிப்பது பெரும்பாலும் குயிக் ஃபார்மட். அது டிஸ்க்கின் பரப்பைச் சோதிப்பதே இல்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. திறந்த உடனே டிஸ்க்கின் நிலைமையை நிறத்தில் சொல்லிவிடும்: நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். கீழே 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டிலும் 'ரா வேல்யூஸ்' என்ற கட்டத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். எண் இருந்து அது வாரா வாரம் ஏறினால், முதலில் படங்களையும் வினாத்தாள்களையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காமல் ஃபார்மட் அடித்த ஒருவரால் என் வீட்டில், அம்மா அத்தப்பூ போட்ட கடைசி ஓணத்தின் படங்கள் போய்விட்டன. 'பேக்கப் எடுத்தீங்களா' என்ற ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, 'இனி பறக்கும் சார்' என்றார்.

நீங்கள் கொடுத்த 2,000 ரூபாயை ஒரு எஸ்.எஸ்.டி.யில் போட்டிருக்கலாம். சாதாரண ஹார்டு டிஸ்க் பெரிய ஃபைலை விநாடிக்கு 100, 150 எம்.பி. வேகத்தில் படிக்கும். சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி. 500-ஐத் தொடும். சின்னச் சின்ன ஃபைல்களைப் படிப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு, விண்டோஸ் திறப்பதெல்லாம் அந்த வகை வேலைதான். மாற்றிய பிறகு, டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளை ஓட்டி, வரும் எண்ணைக் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: ரேம் கிளீனர் மென்பொருள் வருடத்துக்கு 1,200 ரூபாய். பயன் உண்டா? (பூதப்பாண்டி)

ப: இல்லை.

கே: கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் அதேதான். (கருங்கல்)

ப: குறை உங்கள் வீட்டு எர்த்தில். கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் மின்சாரத்தைக் கேபினட்டுக்குக் கசியவிடும், அது மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டில் 110 வோல்ட் அளவுக்கு நிற்கும். இன்றைக்குச் சுருக்கென்று விடுவது, உள்ளே ஒயர் உருகி ஒட்டினால் உயிரையே எடுக்கும். பிளக்கில் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு மாட்டியிருந்தால் உடனே மாற்றுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கும்வரை சிஸ்டத்தைத் தொட வேண்டாம், பிள்ளைகளையும் விட வேண்டாம்.

கே: இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் போதாதா? (குலசேகரம்)

ப: போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், நெட் ஒயரையும் கழற்றுங்கள்.

கே: 62,000 ரூபாய்க்குப் புது அசெம்பிள் சிஸ்டம். வீடியோ ரெண்டர் போட்டால் பத்து நிமிடத்தில் மந்தமாகிவிடுகிறது. கடையில் 'அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். (பார்வதிபுரம்)

ப: அப்படி இருக்கக் கூடாது, தம்பி. சிப்புக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்திலேயே சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்.டபிள்யூ.மானிட்டரைத் திறந்து வையுங்கள். சூடு 95, 100 டிகிரியைத் தொட்டு, அதே நேரம் சிப்பின் வேகம் சரிந்தால், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். சிப்பின் மேல் இருந்து சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிடும் கடைகள் உண்டு. அப்படியே, இரண்டு ரேமும் மதர்போர்டு புத்தகத்தில் சொன்ன ஸ்லாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலு ஸ்லாட் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தால் பாதி வழியை அடைத்த மாதிரி.

கே: கணவர் வெளிநாட்டில். மகளின் லேப்டாப்பைத் திரை மாற்றக் கொடுத்தேன். வந்த பிறகு 8 ஜி.பி. ரேம் 4 ஜி.பி. ஆகியிருக்கிறது. கேட்டால் 'முதலிலேயே அதுதான்' என்று சத்தம் போடுகிறார்கள். பில் தரவில்லை. (மார்த்தாண்டம்)

ப: நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை, அக்கா. சத்தத்துக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். லேப்டாப் வாங்கிய பில்லில் 8 ஜி.பி. என்று இருக்கும், அதுதான் முதல் ஆதாரம். திரைக்குப் பணம் கொடுத்த யு.பி.ஐ. பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரேமைத் திருப்பித் தர 15 நாள் கொடுத்து, ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

லேப்டாப் பில்லின் நகலையும், மாடல் எண் தெரியும்படி ஒரு படத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.